கூரைக்காரன் இத்தெலின் குரல் திரும்பி வந்த வரலாறு

லான்ஹெலிக் ஊரின் கம்பளி மண்டபக் கூரையிலிருந்து கூரைக்காரன் இத்தெல் போட்ட கூச்சல், பத்தொன்பது ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், கிடாக்களின் விலை படிந்துகொண்டிருந்த நேரத்தில், மலையிலிருந்து திரும்பி வந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் எதிரொலி தாமதமாக வருவது யாருக்கும் புதிதல்ல. கிழக்கே நிற்கும் மலை, வாங்கிக்கொண்ட சத்தத்தைத் தன் வசதிக்குத்தான் திருப்பித் தரும். காலையில் நாயைக் கூப்பிட்ட மேய்ப்பனின் சீழ்க்கை இரவுச் சாப்பாட்டு வேளையில் வந்து சேரும். அடுப்போரம் படுத்திருக்கும் நாய் எழுந்துபோய்க் கதவைப் பிறாண்டும். கல்யாணத்துக்கு அடித்த மணி, தலைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கையில் வந்து தாயைச் சிரிக்க வைத்ததுண்டு. பனி அதிகமான வருஷங்களில் குளிர்காலத்துச் சத்தங்கள் எல்லாம் பனி உருகும்போது மொத்தமாக வந்து இறங்கும்; மூன்று நாளைக்கு ஊரே காதில் கம்பளியைத் திணித்துக்கொண்டு நடமாடும். ஆனால் இரண்டு குளிர்காலத்துக்கு மேல் மலை எதையும் வைத்துக்கொண்டதாக யாருக்கும் நினைவில்லை. இத்தெலின் கூச்சலை மட்டும் வைத்துக்கொண்டது. கூச்சலோடு அவன் குரலையும் வைத்துக்கொண்டது.

கூச்சல் என்று ஒன்று இருந்ததா என்பதுதான் அப்போதைய வழக்கு. ஆயிரத்து எழுநூற்று அறுபத்தோராம் ஆண்டு, செப்டம்பர் மாதத்தின் கடைசிச் செவ்வாய், சந்தை நாள். இங்கிலாந்துச் சந்தைகளுக்கு நடத்திப் போகவேண்டிய வாத்துகள், பாதம் தேயாமலிருக்கக் காலில் தார் பூசப்பட்டு, நானூறு ஐந்நூறாகத் தெருவை அடைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தன. இத்தெல் மண்டபக் கூரையில் நின்று, உடைந்த கல் ஓடுகளைப் பெயர்த்து ஒவ்வொன்றாகத் தெருவில் போட்டுக்கொண்டிருந்தான். கூரைக்காரர்களுக்கு இதில் ஒரு முறை உண்டு. ‘ஒதுங்கு’ என்று ஒரு தடவை கத்தவேண்டும், ஒரு மூச்சு விடவேண்டும், அப்புறம் கையை விடவேண்டும். பதினான்கு வயதில் கூரை ஏறிய இத்தெலுக்கு அப்போது முப்பத்தாறு. எட்டு ஓடுகள் தெருக்கல்லில் விழுந்து உடைந்தன. ஒன்பதாவது, லவ்ரியின் தலையில் விழுந்தது.

லவ்ரி காலுறை பின்னுகிறவள். அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரையும்போல நடந்துகொண்டே பின்னுவாள். பால் கறக்கப் போகும்போதும், தேவாலயத்துக்குப் போகும்போதும் நான்கு ஊசிகளும் கையில் ஓடிக்கொண்டிருக்கும். அவள் கணவன் ரைனால்ட் வீடு வீடாகப் போய்க் காலுறைகளை எடுத்துச் சேர்த்து விற்கிறவன். கண்ணி நழுவின காலுறையை வாங்கமாட்டான். பின்னியவளின் கண்முன்னாலேயே பிரித்துப் போடுவான். ஓர் ஊசியிலுள்ள கண்ணிகளை எல்லாம் பின்னி முடிக்காமல் பாதியில் தலையைத் தூக்கினால் கண்ணி நழுவும் என்பது அவன் ஓயாமல் சொல்லும் பாடம். வானமே இடிந்து விழுந்தாலும் ஊசியை முடித்துவிட்டு நிமிருங்கள் என்று அவன் சொல்வதைச் சிறுமிகள் அவனைப்போலவே மூக்கால் சொல்லிச் சிரிப்பார்கள். லவ்ரியும் சிரிப்பாள்.

இத்தெல் ஏணியில் இறங்கி ஓடி வந்தான். வாத்துகளைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து, அவளைப் பார்த்து, வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அன்று மாலைவரை திறந்து திறந்து பார்த்தான். நாக்கு இருந்தது, மூச்சு இருந்தது, குரல் இல்லை.

அந்நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது. கூரையிலிருந்து தெருவில் கல்லைப் போடுகிறவன், கத்திவிட்டுப் போட்டு ஒருவர் செத்தால் அது விபத்து. அவன் வீட்டுக்குப் போகலாம். கத்தாமல் போட்டிருந்தால் அது குற்றம். கொல்லும் எண்ணம் இல்லாததால் தூக்கு இல்லை. கையில் சூடும் ஒரு வருஷச் சிறையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் சட்டம் ஒரு விரல்கூட இடம் விடவில்லை. தெருவில் இருந்தவர்களைக் கேட்டார்கள். கேட்டது என்றவர்கள் ஏழு பேர், கேட்கவில்லை என்றவர்கள் ஒன்பது பேர், வாத்துச் சத்தத்தில் தன் பெயரே தனக்குக் கேட்கவில்லை என்றவர் ஒருவர். கேட்டது என்றவர்களையும் நெருக்கிக் கேட்டால், அது ஒன்பதாவது ஓட்டுக்குக் கேட்டதா எட்டாவதுக்குக் கேட்டதா என்று சொல்லத் தெரியவில்லை.

இத்தெலுக்கே தெரியவில்லை. இதுதான் அவனைத் தின்றது. இருபத்திரண்டு வருஷங்களாகக் கத்தியவன் என்பதால், கண்ணை மூடினால் ஆயிரக்கணக்கான கூச்சல்கள் வந்து நின்றன. அவற்றில் அந்த ஒன்றை மட்டும் தேடி எடுக்க முடியவில்லை. சிறையில் அவனைப் பார்க்க வந்த மனைவி நெஸ்ட் கம்பிக்குள் முகத்தை அழுத்திக்கொண்டு கேட்டாள்.

“தலையை ஆட்டுனா போதும்யா. கத்துனியா?”

அவன் ஆட்டவில்லை.

“கத்தலையா?”

அதற்கும் ஆட்டவில்லை. நெஸ்ட் கொண்டுவந்த ஓட்ஸ் ரொட்டியைக் கம்பி வழியாகத் தள்ளினாள். “உன்னைக் கட்டிக்கிட்டப்ப இவன் வாய் ஓயாதேன்னு அழுதேன். இப்ப பாரு,” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறு மாதமும் வாரத்துக்கு ஒரு முறை, பன்னிரண்டு மைல் நடந்து வந்து அதே கேள்வியைக் கேட்டாள்.

மார்ச் மாதம் நீதிபதி வந்தார். நீதிமன்றம் ஆங்கிலம் பேசியது, ஊர் வெல்ஷ் பேசியது, குற்றவாளிக் கூண்டில் நின்றவன் எதுவும் பேசவில்லை. அவன் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருக்கிறானா, கடவுள் மூடினாரா என்று தீர்மானிக்க முதலில் ஒரு ஜூரி உட்கார்ந்தது. தொடையில் குத்தூசி இறக்கிப் பார்த்துவிட்டுக் கடவுள்தான் என்றார்கள். பிறகு வேறு பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். எல்லாரும் கீழ்ப்பள்ளத்தாக்கில் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள். காலுறையைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள். கூச்சல் இன்னும் மலையில் இருக்கக்கூடும், திரும்பி வரும்வரை வழக்கைத் தள்ளிவைக்கவேண்டும் என்று ஊர்ப் பாதிரியார் மனுக் கொடுத்தார். மலைக்குச் சம்மன் அனுப்பும் அதிகாரம் தமக்கு இல்லை என்று நீதிபதி மனுவைத் திருப்பினார்.

அரசுத் தரப்பில் லவ்ரியின் கையிலிருந்த அரைக் காலுறையைக் காட்டினார்கள். சாம்பல் நிறம், விளிம்பில் ரத்தம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. ரைனால்ட் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சாட்சி சொன்னான். ஊசி முழுதாக முடிந்திருக்கிறது, ஒரு கண்ணிகூட நழுவவில்லை, பாருங்கள் என்றான். சத்தம் கேட்டிருந்தால் இவள் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடியிருக்கமாட்டாளா என்று கேட்டான். காலுறை பன்னிரண்டு பேர் கைக்கும் மாறி மாறிப் போனது. பதினொரு பேருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜூரியை அடைத்து வைக்கும் அறைக்குச் சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது, நெருப்பும் கிடையாது. ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னால்தான் கதவு திறக்கும். இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் நீதிபதி அடுத்த ஊருக்குப் போகவேண்டியிருந்தது. முடிவுக்கு வராத ஜூரியை வண்டியில் ஏற்றி நீதிபதியின் பின்னால் ஓட்டிப் போவது பழைய வழக்கம். மாவட்ட எல்லைப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அதிகாரம் போய்விடும். அடுத்த வசந்தத்தில் புதுப் பன்னிரண்டு பேர். தீர்ப்பைக் கைதியின் முன்னால்தான் சொல்லவேண்டும் என்பதால் இத்தெலையும் சங்கிலியோடு இன்னொரு வண்டியில் ஏற்றினார்கள். இப்படியாக முன்னால் நீதிபதியின் மூடுவண்டி, நடுவில் கூரையில்லாத ஜூரி வண்டி, பின்னால் இத்தெல். பனி விழுந்துகொண்டிருந்தது.

ஒத்துக்கொள்ளாமல் இருந்தவர் ஹைலின் என்ற தோல் பதனிடுகிறவர். பத்தடி தூரத்தில் பின்வண்டியில் இருந்த இத்தெலுக்கு எல்லாம் கேட்டது. ஜூரித் தலைவரான கசாப்புக்காரர்தான் அதிகம் பேசினார்.

“ஏம்ப்பா ஹைலின், அவன் என்ன உனக்கு மச்சானா?”

“இல்ல. என் வீட்டுக் கூரை அவன் போட்டது.”

“ஒழுகுதா?”

“ஒழுகல. போடும்போது நான் கீழதான் நின்னேன். கத்தாம ஒரு சில்லுகூட அவன் கைய விட்டுப் போகல.”

“உன் வீட்டுல கத்துனான். மண்டபத்துல கத்துனானான்னுதான் கேள்வி. உன்னால நாங்க பதினோரு பேரும் பனியைத் தின்னுக்கிட்டிருக்கோம்.”

“தின்னு. அதாவது சும்மா கிடைக்குதே,” என்றார் ஹைலின். ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பாலத்துக்கு அரை மைல் இருக்கும்போது, வண்டி மூலையில் சாக்கு மூட்டைபோலக் கிடந்த மெரிக் என்ற எழுபது வயதுக்காரருக்கு நடுக்கம் நின்றுவிட்டது. உதடு நீலமாக இருந்தது. நடுங்கும்வரை பயமில்லை, நின்றுவிட்டால்தான் பயம் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஹைலின் தன் தோல் மேலங்கியைக் கழற்றிக் கிழவர்மேல் போட்டுப் பார்த்தார். கையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு திரும்பி இத்தெலைப் பார்த்தார். பாலத்தின் கல் கைப்பிடி தெரிய ஆரம்பித்திருந்தது. நடக்கிறவனுக்குப் பத்து நிமிஷம், பனியில் வண்டிக்கு அரை மணி நேரம். தான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒரு சாவு விழும், அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்கப் பன்னிரண்டு பேர் எங்கேயும் உட்காரமாட்டார்கள் என்பதை அவர் நினைத்தார் என்று இத்தெல் புரிந்துகொண்டான். சொல்லிவிடுங்கள் என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினான். யார் கேட்டும் ஆறு மாதமாக ஆட்டாத தலை.

“வண்டிய நிறுத்தச் சொல்லு,” என்றார் ஹைலின். “குற்றம்தான்.”

நீதிபதி இறங்கவில்லை. ஜன்னலின் தோல் திரையை ஒரு சாண் விலக்கித் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு மூடிவிட்டார். மெரிக்குக்கு அங்கேயே சாராயம் புகட்டினார்கள். அவர் தொண்ணூற்றொரு வயதுவரை இருந்தார். கடைசிவரை அந்த வண்டியின் குலுக்கலைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டிருந்தார். இத்தெலின் இடது கட்டைவிரல் அடியில் குற்றத்தைக் குறிக்கும் எழுத்தை இரும்பால் சுட்டார்கள். சூடு பட்டபோது அவன் வாயைத் திறந்தான். சிறைக்காரர்கள் அவனைத் துணிச்சல்காரன் என்று நினைத்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தவனுக்குக் கூரை வேலை கிடைக்கவில்லை. கத்த முடியாதவனை யார் கூரையேற்றுவார்கள்? நெஸ்ட் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் மேலே ஓட்டைத் தூக்கிக் காட்டுவான், அவள் கீழே நின்று ‘ஒதுங்கு’ என்று கத்துவாள். புருஷன் ஏறுவான், பொண்டாட்டி கூவுவாள் என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களே வேலையும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தெல் மலையேறிப் பாறைகளிடையே உட்கார்ந்திருப்பான். மற்றவர்களின் சத்தங்கள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்: யாருடைய தும்மலோ, யாருடைய சண்டையோ, செத்துப்போன குழந்தை ஒன்றின் அழுகையோ. தன்னுடையது வருமா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு இருட்டுமுன் இறங்கிவிடுவான். வராவிட்டால் அப்படி ஒன்று இல்லை என்று அர்த்தம். இன்னும் வரவில்லை என்றும் அர்த்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் வருஷக்கணக்கில் குடியிருந்தான்.

ரைனால்ட் வேறு விதமாகக் காத்திருந்தான். காலுறை வியாபாரத்தை விட்டுவிட்டான். ஒவ்வொரு செவ்வாயும் லவ்ரி விழுந்த இடத்தில் வந்து நிற்பான். முதல் இரண்டு வருஷம் யாரையாவது கூரையேற்றிக் கத்தச்சொல்லி, கேட்கிறதா என்று சோதித்தான். சில நாள் கேட்டது, சில நாள் கேட்கவில்லை. பிறகு சோதிப்பதையும் விட்டுவிட்டு வெறுமனே நின்றான். நிற்கிற கை சும்மா இருக்கவேண்டாமே என்று பின்னக் கற்றுக்கொண்டான். நீதிமன்றம் திருப்பிக் கொடுத்த அரைக் காலுறையை மட்டும் ஊசியோடு அப்படியே வைத்திருந்தான். ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்டவர்களுக்கு, காலாறத்தான் என்பான். சொல்லும்போது மண்டபக் கூரையைப் பார்க்கமாட்டான். கையிலிருக்கும் ஊசியைத்தான் பார்ப்பான்.

பன்னிரண்டாம் வருஷம் நெஸ்டுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடைசி வாரம் அவளுக்கும் குரல் போய்விட்டது. வீட்டில் இரண்டு பேரும் உதட்டை அசைத்துப் பேசிக்கொண்டார்கள். சாவதற்கு முந்தைய நாள், அவன் சூப்பை ஊட்டிக்கொண்டிருக்கையில், அவள் உதடு அந்தப் பழைய கேள்வியின் வடிவத்துக்கு வந்தது. அவன் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தான். ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். பொய் என்று கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் இருந்திருக்காது. ஆட்டாமல் விட்டதை அதற்குப் பிறகு ஏழு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் போனபின் கூரை வேலையும் போனது. சந்தைத் தெருக் கோடியில் தரையில் உட்கார்ந்து கல் ஓடு பிளந்துகொடுத்துப் பிழைத்தான். அவனுக்கும் ரைனால்டுக்கும் இடையே அறுபது தப்படி. ஒருவரை ஒருவர் ஒரு நாளும் பார்த்துக்கொண்டதில்லை. இருவரும் ஒரு செவ்வாய்கூட வராமல் இருந்ததுமில்லை.

பத்தொன்பது ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் கழிந்த அந்தச் செவ்வாயன்று பனி மூடிய தெரு அமைதியாக இருந்தது. கிடா விற்கிறவன் ஒரு விலையைச் சொல்லிவிட்டு எதிர்விலைக்காக நிறுத்தியபோது மேலிருந்து வந்தது: “ஒதுங்கு.”

முப்பத்தாறு வயதுக் குரல், கொஞ்சம் கரகரப்பு, காலையில் குடித்த மோரின் புளிப்பு அதில் இன்னும் இருந்தது. தெருவில் இருந்த எல்லாரும் ஒதுங்கினார்கள். அப்போது பிறந்திராதவர்களும் ஒதுங்கினார்கள், கிடாக்களும் ஒதுங்கின. இத்தெல் உளியைக் கீழே வைத்தான். தன் சட்டையை இன்னொருவன் உடம்பில் பார்ப்பதுபோல அந்தக் குரலைக் கேட்டான். ஒரு மூச்சு நேரம் போனது. பிறகு ரைனால்டின் காலடியில், ஒன்றும் விழாத இடத்தில், ஒரு கல் ஓடு விழுந்து உடையும் ஓசை கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கிடா விற்கிறவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

எல்லாரும் ஒதுங்கியிருந்த தெருவில் ரைனால்ட் மட்டும் நடுவில் நின்றான். கையிலிருந்த காலுறையைத்தான் பார்த்தான். பிறகு அறுபது தப்படியையும் நடந்து வந்து இத்தெலின் முன்னால், ஓட்டுச் சில்லுகளின்மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்தான்.

“நல்லாத்தான் கேட்டுச்சு,” என்றான். “ஊசியில மூணு கண்ணி பாக்கி இருந்துச்சு. முடிச்சுட்டு நிமிர்ந்தேன். அதுக்குள்ள விழுந்துருச்சு.”

இத்தெல் அவன் கையைப் பார்த்தான். ஊசி முழுதாக முடிந்திருந்தது. ஒரு கண்ணி நழுவவில்லை.

“அவளும் அப்படித்தான். அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு உனக்குத் தெரியும்ல. ஊருக்கே தெரியும். சின்னப் பிள்ளைங்ககூடச் சொல்லிச் சிரிக்கும்.” ரைனால்டின் வாய் சிரிப்பதுபோலக் கோணிற்று. “உன் கையில சூடு வச்சாங்க. எனக்கு எங்க வைப்பாங்க?”

இத்தெலின் தொண்டையில் வெதுவெதுப்பான ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. குரல் வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருஷமாக ஒரே ஒரு சொல்லைத்தான் அவன் உதட்டில் தயாராக வைத்திருந்தான்: கத்தினேன். நெஸ்டின் கல்லறைக்குப் போய் முதலில் அங்கே சொல்லவேண்டும் என்றுகூட நினைத்து வைத்திருந்தான். இப்போது தெருவே அதைத் தன் காதால் கேட்டிருந்தது. எதிரே இருந்தவன் நடுங்கிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நடுக்கம் நின்றது. ரைனால்டின் உதட்டில் ரத்தம் இல்லை. பனி, வண்டி, தெரிய ஆரம்பித்த பாலம், திரும்பிப் பார்த்த ஹைலினின் முகம் எல்லாம் இத்தெலுக்கு நினைவு வந்தன.

“நான் முதல்ல கத்தல,” என்றான். குரல் துருப்பிடித்திருந்தது, ஆனால் தெருக் கோடிவரை கேட்டது. “கல்லு அவமேல விழுந்தப்புறம்தான் கத்துனேன். மலை முன்னபின்ன மாத்திக் குடுத்துருக்கு.”

ரைனால்ட் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“மலை அப்படிப் பண்ணுமா?”

“இந்த மலையா? அது என்ன வேணா பண்ணும்.”

ரைனால்ட் எழுந்திருக்க இத்தெல் கை கொடுத்தான், சூடு பட்ட கையை. அன்று மாலை ரைனால்ட் சாம்பல் நிற அரைக் காலுறையிலிருந்து ஊசிகளை உருவி, நூலை இழுத்தான். பத்தொன்பது வருஷம் நழுவாத கண்ணிகள் ஒவ்வொன்றாக நழுவின. அடுத்த செவ்வாய் அவன் சந்தைக்கு வரவில்லை. இத்தெலின் வாக்குமூலத்தைப் பாதிரியார் சபைப் பதிவேட்டில் எழுதி, தெருவில் இருந்த பன்னிரண்டு பேரிடம் கையெழுத்துக் கேட்டார். முதலில் ஓசை கேட்டதா கூச்சல் கேட்டதா என்பதில் அவர்கள் வாரக்கணக்கில் வாதாடிவிட்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கையெழுத்து விழுந்த வாரத்திலிருந்து மலையும் இத்தெல் சொன்னபடியே முன்பின்னாக மாற்றித் தந்தது. மரம் சாயும் ஓசையை முதலில் அனுப்பிவிட்டு, கோடரி விழும் ஓசையைப் பிறகு அனுப்பியது. முதலில் குழந்தை அழும், அப்புறம் அது விழுந்த சத்தம் வரும். லான்ஹெலிக்கில் இப்போதும் அப்படித்தான். அங்கே வளர்கிற பிள்ளைகளுக்கு வேறு விதமாகக் கேட்டால்தான் ஆச்சரியம்.